மூல ஏடு யார் வீட்டில் இருக்கிறது?

நெல்லியடிச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் அரசியல் பேசுவார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள். மரக்கறி விலையைப் பற்றிப் பேசுவார்கள். அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் அங்கே என்னைக் கண்ட, மருமகன் முறையான இளைஞன் ஒருவன் இவற்றுள் எதையும் பேசவில்லை. கணினியியல் படிக்கும் அவனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் சேர்ந்து தமிழுக்குப் பிழைதிருத்தி மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறார்களாம். அதனை எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளியிடுவது அவர்களது எண்ணம். எழுதத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே மூவருக்கும் இடையே பிணக்கு.

"நிரலை எதிலை வச்சிருக்கிறது எண்டதிலைதான் மாமா சண்டை. சப்வேர்சன் காணும் எண்டு ஒருத்தன். கிட்தான் வேணும் எண்டு மற்றவன். உங்களுக்கு இதுகள் விளங்குமோ தெரியாது."

"விளங்கும் தம்பி. திருத்தினது ஆர் எண்ட வழக்கு எங்கடை தொழிலிலை பழைய வழக்கு" என்றேன்.

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. சந்தியில் சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன். கணினித்துறை சாராத வாசகர்களும் சற்றுப் பொறுமையுடன் வாசிப்பார்களாக. பிரதிகளை இழந்த ஒரு மண்ணைச் சேர்ந்தவர்கள் நாம். ஆகவே இது நமக்கு அந்நியமான விடயம் அன்று.

ஒரு மரண அறிவித்தல்

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், ஒரு செய்தியை யார் திருத்தினார் என்பதைக் கண்டறிவது எளிது. நிருபரின் கையெழுத்து ஒன்று. உதவி ஆசிரியரின் சிவப்பு மை மற்றொன்று. ஒப்புநோக்காளர் ஓரத்தில் இடும் குறி வேறொன்று. மூலத்தாளை மேசையில் நிமிர்ந்து நிற்கும் கம்பியில் குத்தி வைப்போம். மறுநாள் தவறு தெரியவந்தால் அந்தக் கம்பியிலிருந்து தாளை உருவி எடுத்தால் போதும். தவறு யாருடையது என்பதை அத்தாளே சொல்லிவிடும்.

கணினி வந்தபின் அந்தக் கம்பி போய்விட்டது. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். மரண அறிவித்தல் ஒன்றில் தகனக்கிரியை பிற்பகல் இரண்டு மணிக்கு என இருந்தது. குடும்பத்தினர் இரவு தொலைபேசியில் அழைத்து, முற்பகல் பத்து மணிக்கு என மாற்றச் சொன்னார்கள். ஒருவர் தம் கணினியில் மாற்றினார். பின்னர் வேறொருவர், அதே பக்கத்தின் பழைய பிரதியைத் தம் கணினியில் வைத்துப் பிறிதொரு திருத்தம் செய்து, அதனை முன்னையதன் மேல் சேமித்துவிட்டார். பத்திரிகை பிற்பகல் இரண்டு மணி என்றே வெளிவந்தது. தூர ஊர்களிலிருந்து வந்த உறவினர் சிலர் மயானத்தில் எரிந்து முடிந்த சிதையையே கண்டார்கள். யாருடைய பிழை என்று மறுநாள் விசாரித்தபோது எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அச்சுக்குப் போன கோப்பு மட்டுமே இருந்தது. அதன் வரலாறு எங்கும் இல்லை.

இருவர் ஒரே கோப்பில் வேலை செய்யும்போது ஒருவருடைய உழைப்பு மற்றவரால் அறியாமல் அழிந்துபோவதே, மென்பொருள் எழுதுவோரை முதன்முதல் வருத்திய சிக்கல்களுள் ஒன்று. அதற்கு அவர்கள் கண்ட மருந்துக்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமை என்று பெயர். யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். வேண்டியபோது பழைய நிலைக்கு மீளவும் உதவும். நாங்கள் இழந்த அந்தக் கம்பி அதுவேதான்.

பூட்டிலிருந்து பொதுக் களஞ்சியத்துக்கு

1972 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொச்கைண்ட் என்பவர் எஸ்.சீ.சீ.எஸ். என்ற முறைமையை எழுதினார். 1982 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்ட்டர் டிச்சி, ஆர்.சீ.எஸ். என்பதனைக் கொணர்ந்தார். இவை பூட்டு முறையில் இயங்கின. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அவர் திருப்பி வைக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பூட்டு யாருக்குப் பொருந்தவில்லை என்பதில் சுவையான கதை ஒன்று உண்டு. அம்ஸ்ரர்டாம் நகரின் விறியே பல்கலைக்கழக ஆசிரியர் டிக் குறூன், 1980 களின் நடுப்பகுதியில் தம் மாணவர் இருவருடன் சேர்ந்து ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவருக்கு நேர ஒழுங்கே கிடையாது. ஆசிரியருக்கோ மாலை நேரம் மட்டுமே கிடைக்கும். ஒருவர் பூட்டி வைத்துவிட்டுப் போனால் மற்றவர் முடங்கிப்போவார். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பிரதியில் வேலை செய்து பின்னர் இணைத்துக்கொள்ளும் வழியை அவர் வகுத்தார். 1986 இல் அவர் வெளியிட்ட அதுவே சீ.வி.எஸ். ஆயிற்று. உலகெங்கும் சிதறியிருந்த கட்டற்ற மென்பொருளாளர் ஒன்றுசேர்ந்து எழுத அது வழிசெய்தது.

அதற்கும் குறைகள் இருந்தன. ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் அதன் வரலாறு அறுந்துவிடும். பத்துக் கோப்புகளில் செய்த ஒரே திருத்தத்தை அது பத்துத் தனித் திருத்தங்களாகவே கருதும். இக்குறைகளைக் களையும் நோக்குடன் 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2004 இல் முதலாம் பதிப்பைக் கண்டதே சப்வேர்சன். ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வரலாறு முழுவதும் ஒரேயொரு வழங்கியில் இருக்கும். அதனோடு தொடர்பு இருந்தால் மட்டுமே புதிய திருத்தத்தைப் பதியலாம். பழைய திருத்தங்களைத் தேடலாம்.

ஆழிப்பேரலையும் சஹனவும்

இக்கதையில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, நெல்லியடியிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பருத்தித்துறைக் கரையையும் வடமராட்சி கிழக்குக் கிராமங்களையும் தாக்கியதை நாம் மறக்க மாட்டோம். எந்த முகாமில் யார் இருக்கிறார், காணாமற்போனவர் யார், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பவற்றை ஒருங்கே அறிய வழியில்லாத நாள்கள் அவை. அந்நாள்களில் கொழும்பில் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தன்னார்வலர்கள் இரவுபகலாக எழுதிய மென்பொருளுக்குச் சஹன என்று பெயர். சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் என்று பொருள்படும் சொல் அது. பின்னர் அது திறந்த மூல மென்பொருளாக வளர்ந்து, 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2006 இல் யோக்யகர்த்தா பூகம்பத்தின்போதும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான, சமூக நலனுக்குரிய கட்டற்ற மென்பொருள் மன்ற விருதும் அதற்குக் கிடைத்தது.

சஹனவின் நிரல் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதே நமக்கு இங்கு முக்கியம். தொடக்கத்தில் அது சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், சீ.வி.எஸ். களஞ்சியத்தில் இருந்தது. அக்காலத்தில் பெரும்பாலான திறந்த மூலத் திட்டங்களின் இருப்பிடம் அதுவே. பின்னர் பைத்தன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சஹன ஈடன், லோஞ்ச்பாட் தளத்தில், பசார் என்ற முறைமையின் கீழ் வளர்ந்தது. 2010 ஜனவரியில் ஹெயிற்றி நாட்டைப் பூகம்பம் அழித்தபோது, வெவ்வேறு நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் அந்த நிரலில் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். பசாரின் வளர்ச்சி தளர்ந்த காலத்தில் ஈடன், கிட் முறைமைக்கும் கிட்ஹப் தளத்துக்கும் குடிபெயர்ந்தது.

இலங்கையில் பிறந்த ஒரு மென்பொருள் இவ்வாறு மூன்று கருவிகளைக் கண்டது. எனவே, என்றென்றைக்குமாக ஒரு கருவியைத் தேர்கிறோம் என்று அந்த மூன்று இளைஞரும் மனங்கலங்க வேண்டியதில்லை. கருவி மாறும், மாறத்தான் செய்யும். மாறும் நாளில் நம் வரலாற்றையும் உடன்கொண்டு போக முடியுமா என்பதே கேள்வி.

இலவசமாகக் கிடைத்த வசதி

அந்தக் கேள்வியின் கூர்மையை உலகுக்கு உணர்த்தியது லினக்ஸ். 1991 இல் லினஸ் டோவால்ட்ஸ் தொடங்கிய அம்மென்பொருள், பத்தாண்டுகளுக்கு மேலாக எந்தப் பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமையும் இல்லாமலே வளர்ந்தது. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும், அவர் சேர்த்துக்கொள்வார். சீ.வி.எஸ். அவருக்கு அறவே பிடிக்கவில்லை. பணிச்சுமை மிகுந்த நிலையில் 2002 இல் அவர் பிட்கீப்பர் என்ற முறைமையை ஏற்றார். அது லாரி மக்வோய் என்பவருடைய நிறுவனத்தின் தனியுரிமை மென்பொருள். திறந்த மூலத் திட்டங்களுக்கு இலவசம், ஆனால் நிபந்தனையுடன். அதனை இலவசமாகப் பயன்படுத்துவோர் போட்டியான வேறொரு முறைமையை உருவாக்குவதில் ஈடுபடக் கூடாது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்ரோல்மன் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். லினஸ் அதற்குச் செவிசாய்க்கவில்லை. கருவி சிறந்தது, வேலை விரைவாக நடக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மூன்றாண்டுகள் வேலை விரைவாகத்தான் நடந்தது. 2005 இல், பிட்கீப்பரின் வழங்கியோடு உரையாடக்கூடிய கட்டற்ற கருவி ஒன்றை அன்ட்ரூ ட்ரிட்ஜல் என்ற அவுஸ்திரேலியர் உருவாக்க முனைந்தார். நிபந்தனை மீறப்பட்டது என்று கருதிய நிறுவனம் இலவச உரிமத்தை விலக்கிக்கொண்டது. உலகின் மிகப் பெரிய கூட்டு மென்பொருள் திட்டங்களுள் ஒன்று, ஒரு நிறுவனத்தின் ஒரு முடிவினால் கருவியற்று நின்றது.

2005 ஏப்ரல் 3 ஆம் நாளளவில் லினஸ் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7 ஆம் நாள் அது தன் சொந்த நிரலையே தன்னுள் பதியும் நிலைக்கு வந்துவிட்டது. அதுதான் கிட். அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் லினக்ஸ் வேலைக்குத் திரும்பினார். பிட்கீப்பரும் 2016 இல் திறந்த மூலமாயிற்று. அதற்குள் அதன் காலம் கடந்துவிட்டது.

எல்லோர் வீட்டிலும் முழு ஏடு

கிட் முறைமையின் அடிப்படையைப் பழந்தமிழ் ஏடுகளைக் கொண்டு விளக்கலாம். மூல ஏடு ஒரு மடத்தில் இருக்க, படிக்க வேண்டியவர் ஒவ்வொரு முறையும் அம்மடத்துக்கு நடந்துபோவது சப்வேர்சன் முறை. மடத்திலுள்ள அத்தனை ஏடுகளையும், அவற்றில் எழுந்த எல்லாத் திருத்தங்களின் வரலாற்றையும், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் முழுமையாக வைத்திருப்பது கிட் முறை. திருத்தத்தை வீட்டிலிருந்தே பதியலாம். சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளலாம். அதே 2005 இல் மற் மக்கோல் எழுதிய மெர்க்கூரியலும், முன்சொன்ன பசாரும் இவ்வழியினவே.

அத்தனை பேர் கையிலும் பிரதி இருந்தால் யாரேனும் கள்ளத்தனமாகத் திருத்திவிட மாட்டார்களா என்று வாசகர் கேட்கலாம். உண்மையில் நடந்தது அதற்கு எதிர்மாறு. 2003 நவம்பரில், லினக்ஸ் நிரலின் சீ.வி.எஸ். பிரதி ஒன்றில் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். அவ்வரிகளில் இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒரே சமக்குறி இருந்தது. பார்ப்பவருக்கு அச்சுப்பிழை போலத் தோன்றும். நுழைந்திருந்தால் கணினியின் முழு அதிகாரத்தையும் அந்நியர் கையில் கொடுத்திருக்கும். பிட்கீப்பரில் இருந்த மூலத்தில் அத்தகைய திருத்தம் எதுவும் பதியப்படவில்லை என்பதை ஒப்பிட்டபோதுதான் களவு பிடிபட்டது. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும் என்பதை ஒப்புநோக்காளருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிட் இதற்கு நிலையான காவலைச் செய்தது. ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்பட்ட, கைரேகை போன்ற 40 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. முந்திய பதிவின் அடையாளமும் அக்கணிப்பில் சேரும். பழைய பதிவொன்றில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதற்குப் பின்வந்த அடையாளங்கள் யாவும் மாறிப்போகும். 2011 ஓகஸ்ட்டில் லினக்ஸ் நிரலை வழங்கும் தளத்தினுள் அந்நியர் புகுந்தது தெரியவந்தது. தளம் வாரக்கணக்கில் மூடப்பட்டது. ஆனால் நிரலின் வரலாறு குறித்து எவரும் பெரிதாக அஞ்சவில்லை. ஆயிரக்கணக்கானோரின் கணினிகளில் முழுப் பிரதி இருந்தது. ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

நமக்கு இது ஏன் முக்கியம்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதி வல்லை வெளியைக் கடந்து சிறுப்பிட்டி வழியாகச் செல்கிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர் அது. செல்லரித்த ஏடுகளை ஊரூராகத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தவர் அவர். பல வீடுகளில் பிரதிகள் இருந்தமையாலேயே அவரால் ஒப்பிட முடிந்தது. ஒரு பிரதியில் சிதைந்த சொல்லை மற்றொரு பிரதியில் மீட்க முடிந்தது.

அதே வீதியின் மறுமுனையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் இருக்கிறது. 1981 மே 31 ஆம் நாள் இரவு அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நாள்களிலேயே ஈழநாடு பத்திரிகைப் பணிமனையும் எரிக்கப்பட்டது. அச்சிட்ட நூல் வேறெங்கோ ஒரு நூலகத்தில் கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. கிட் பிறந்த அதே 2005 இல், ஈழத்து நூல்களை மின்வடிவாக்கிப் பரவச்செய்யும் நூலகம் திட்டம் தொடங்கியமை தற்செயலே. எனினும் இரண்டின் பின்னாலும் உள்ள எண்ணம் ஒன்றுதான்.

2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டுக்குக் கப்பலும் விமானமுமே வழியாயின. தொலைவிலுள்ள ஒரே வழங்கியை நம்பி வேலை செய்வது எத்தகையது என்பதை, தொடர்பறுந்த நாள்களை வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தம்பிக்குச் சொல்லும் பதில்

சப்வேர்சனை விரும்பும் நண்பனின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. கற்பதற்கு அது எளிது. திருத்தங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண் தரும். கிட் கற்பதோ தொடக்கத்தில் தலையைச் சுற்ற வைக்கும். ஓப்பன்பீ.எஸ்.டீ. என்ற புகழ்பெற்ற திட்டம் இன்னமும் சீ.வி.எஸ். முறைமையைக் கொண்டே வேலை செய்கிறது. அதன் தரத்தில் எவரும் குறை காண்பதில்லை.

உறவுக்காகவும் கருவியைத் தேர வேண்டாம். ஈமாக்ஸ் என்ற மென்பொருளைப் பேணுவோர், பசாரும் தம் குனூ குடும்பத்தைச் சேர்ந்தது என்ற காரணத்தையே பெரிதாகக் கருதி அதனை ஏற்றார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அல்லற்பட்டபின் 2014 நவம்பரில் கிட்டுக்கு மாறினார்கள்.

ஆயினும் என் வாக்கு கிட்டுக்கே. மூவரும் மூன்று வீட்டில் இருக்கிறீர்கள். மின்வெட்டும் இணைய வெட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. மூவர் கையிலும் முழு வரலாறு இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிட் வேறு, கிட்ஹப் வேறு. முன்னையது எவரும் தடுக்க முடியாத கட்டற்ற கருவி. பின்னையது 2008 இல் தொடங்கி, 2018 இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தால் 750 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கப்பட்ட தளம். 2019 ஜூலையில், அமெரிக்கப் பொருளாதாரத் தடை காரணமாக, ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களைச் சேர்ந்த பலரின் கணக்குகளை அத்தளம் கட்டுப்படுத்தியது. ஈரானியருக்கு 2021 ஜனவரியிலேதான் முழுச் சேவையும் மீண்டது. பொருளாதாரத் தடை என்ற சொல்லின் பொருளை வடமராட்சியாருக்கு அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் கணினிகளில் கிட் பிரதியை வைத்திருந்தவர்கள் நிரலையும் அதன் வரலாற்றையும் இழக்கவில்லை. ஆனால் தளத்தில் மட்டுமே எழுதிய விவாதங்களும் பிழை முறையீடுகளும் தளத்தின் கையில்தான் இருந்தன. ஆகவே தளத்தை விளம்பரப் பலகையாகப் பயன்படுத்துங்கள், பெட்டகமாக நம்பாதீர்கள்.

சென்ற வாரம் அவன் மீண்டும் சந்தியில் என்னைக் கண்டான். கிட் என்று முடிவு செய்துவிட்டார்களாம். ஒரு பிரதி நெல்லியடியில், ஒன்று கொக்குவிலில், ஒன்று நண்பனின் அண்ணன் வசிக்கும் ரொறன்ரோவில். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும்போது ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லி அந்தக் கருவி கேட்கும். இளைஞர்கள் அந்த இடத்தில் 'திருத்தம்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம்.

"அப்பிடிச் செய்யாதையுங்கோ தம்பி. காரணத்தை முழுசா எழுதுங்கோ. பத்து வருசத்துக்குப் பிறகு வாசிக்கிறவனுக்கு நீங்கள் பக்கத்திலை இருக்க மாட்டியள்."

"சரி மாமா" என்றான். எழுதுகிறானா என்று பார்க்க வேண்டும். நிரல் திறந்த மூலம்தானே; எவரும் பார்க்கலாம்.